ஏப்ரல் தண்ணீர்

காலை நாலரைக்கு நீ இழுத்தால் போகிறது.
ஏழுக்கு நான் இழுத்தால்
சுழன்று, யோசித்து,
பாதியைத் திருப்பித் தருகிறது.

மேட்டுப்பாளையம் முதல் வண்டிக்கு
விசிலோடு நீ இறங்கிப் போன பிறகு
வீட்டில் நான், பனி, இந்தப் பீங்கான்.
ஒரு நாள் கடகடவென்று விழுங்கும்.
மறுநாள்
வாய் கொப்பளித்ததோடு சரி.

சகாயம் வந்து பார்த்தார்.
வந்தது பதினொன்றரைக்கு.
கோத்தகிரியில் மூடுபனி விலகாமல்
எந்தக் குழாய்க்காரரும் ஸ்பேனரைத் தொடுவதில்லை.
"உப்புப் படிஞ்சிருக்கும்மா,
விளிம்புல ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு.
புது செட்டாவே போட்டுருங்க,
ஒன்பதாயிரத்துக்குள்ள முடிச்சுடலாம்."
முந்நூறு வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

உப்பா?
ஆறு வருஷமாய் டீ கொதிக்கிற பாத்திரம்,
அடியை நகத்தால் சுரண்டினாலும்
வெள்ளையாய் ஒரு துகள் கிடையாது.
இது மலைத் தண்ணீர்.
சோப்பைப் போட்டால்
எவ்வளவு அலசியும் கையை விடாத தண்ணீர்.

ஞாயிறு. ஃபேக்டரியில் இலை எடை போடும் வேலை இல்லை.
பவுடர் டப்பாக் கண்ணாடியை
விளிம்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு
ஓட்டை ஓட்டையாய் ஈர்க்குச்சி விட்டேன்.
எல்லாம் திறந்தே கிடந்தன.
ஒரு வாளி நிறையத் தண்ணீர்,
இடுப்பு உயரத்திலிருந்து, ஒரே மூச்சில்.
மிச்சமில்லாமல் போனது.
ஆக, தொண்டையில் கோளாறில்லை.
கொடுக்கிற இடத்தில்தான் குறைகிறது.

எடை குறைந்தால் நாங்கள் தராசைத் திட்டுவதில்லை,
மூட்டையைப் பிரிப்போம்.

தொட்டி மூடியைத் தூக்கினேன்.
உள்சுவரில் ஒரு நீலக் கோடு, இதுவரை நிரம்ப வேண்டும்.
தண்ணீர் அதற்கு நாலு விரல் கீழே.
மிதவைக் கம்பி கீழ்நோக்கி வளைந்திருந்தது.
எவன் வளைத்தான் என்று கோபம் வந்தது,
வந்த வேகத்தில் நின்றது.

நான்தான்.

ஏப்ரலில்.
ஊர்க்குழாய் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை
பத்து நிமிஷம் மூக்கைச் சிந்திவிட்டு ஓய்ந்த மாதம்.
உன்னிடம் சொல்லவில்லை.
சொன்னால்,
"குளிக்கிறதுக்கும் சீட்டு கிழிச்சுக் குடுக்கட்டுமா?" என்பாய்.

நிமிர்த்தினேன். முழுக்க நிமிரவில்லை.
எதுவோ இடித்தது.
முழங்கை வரை உள்ளே விட்டேன்,
எலும்புக்குள் குளிர் ஏற,
கையோடு வந்தது ஒரு லிட்டர் பாட்டில்.
கழுத்து வரை தண்ணீர்,
முறுக்கி இறுக்கிய மூடி,
அதன் மேல் மூன்று சுற்று,
நீ நோட்டுக்கட்டுக்குப் போடும் பச்சை ரப்பர் பேண்ட்.

நீயும் ஏப்ரலில்.
நீயும் சொல்லாமல்.
இழுப்புக்கு ஒரு லிட்டர் மிச்சம் என்று
கணக்குப் போட்டிருக்கிறாய்.

பிறகு மழை வந்தது.
ஜூன், ஜூலை,
தகரக் கூரையின் கீழ் பேசினால் கேட்காத மழை.
உனக்கும் மறந்துவிட்டது, எனக்கும்.
இருட்டில் பாட்டில் மட்டும்
ஒவ்வொரு இழுப்புக்கும் இடம் மாறி
சில நாள் சுவரோரம் படுத்தது,
சில நாள் மிதவையின் தோளில் சாய்ந்தது.
எந்த நாள் எது என்று
நமக்கு எப்படித் தெரியும்?

நீலக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் இழுத்தேன்.
கீழ்வீட்டு ரெஜினா சுவரைத் தட்டினாள்.
"புதுசு போட்டாச்சா?"
"இல்ல. எடுத்தாச்சு."

பாட்டிலை அடுப்படி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
பாசி இல்லை, நாற்றம் இல்லை,
அவ்வளவு இறுக்கி மூடியிருக்கிறாய்.
ராத்திரி எட்டரைக்கு
பையைக் கழற்றி மாட்டும்போது பார்ப்பாய்.
நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

கம்பி விஷயத்தை
இப்போதைக்குச் சொல்லப் போவதும் இல்லை.